தோட்ட மண்ணில் பழைய காசு கிடைத்தால் அது யாருக்குச் சொந்தம்?

கேரி தீவில் செம்பனை மறுநடவு நடக்கும் காலத்தில் மண் தலைகீழாகப் புரளும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்ற மரங்கள் சாய்க்கப்படும், கான்கள் ஆழமாக வெட்டப்படும், பழைய லயங்கள் இருந்த இடத்தில் எக்ஸ்கவேட்டர் ஓடும். அப்படிப் புரண்ட மண்ணில் மழை பெய்து ஓய்ந்ததும், பச்சை படிந்த செம்புக் காசோ கறுத்துப்போன வெள்ளிக் காசோ கண்ணில் படுவது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. இப்போது சில நூறு வெள்ளிக்கு மெட்டல் டிடெக்டர் கருவியை இணையத்திலேயே வாங்கிவிடலாம். அதனால் தற்செயலாகக் கிடைத்தது போய், தேடிப் போவதும் தொடங்கியிருக்கிறது. காசு கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலருக்குத் தெளிவில்லை.

இந்த ஆர்வத்தைத் தூண்டிவிடுவது வெளிநாட்டுச் செய்திகள். 2021 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் ஹெமியோக் என்ற ஊரில், ஒரு விவசாய நிலத்தில் டிடெக்டருடன் நடந்த ஒருவருக்குச் சிறிய தங்கக் காசு ஒன்று கிடைத்தது. அது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. சமூக ஊடகத்தில் படத்தைப் போட்டார். பார்த்த நாணய நிபுணர் அசந்துபோனார். மூன்றாம் ஹென்றி மன்னர் 1257 வாக்கில் வெளியிட்ட தங்கப் பென்னி அது. உலகில் எட்டே எட்டுதான் இருப்பதாக அறியப்படுகிறது. காசின் முகமதிப்பைவிட அதிலிருந்த தங்கத்தின் மதிப்பு கூடிப்போனதால் அக்காலத்திலேயே பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. 2022 ஜனவரியில் லண்டன் ஏலத்தில் அந்தக் காசு 6,48,000 பவுனுக்குப் போனது.

அந்தச் செய்தியைப் படிக்கும் யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் இங்கிலாந்துச் சட்டத்தில் அப்போது தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசு புதையல் கணக்கில் வராது; அதனால்தான் அதை ஏலத்தில் விற்க முடிந்தது. மலேசியாவின் சட்டம் வேறு. மண்ணும் வேறு.

முதலில் மண்ணைப் பார்ப்போம். மெட்டல் டிடெக்டரின் வேலை எளிமையானது. தட்டு போன்ற சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. அடியில் உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்சுழல்கள் எழும். அந்தச் சுழல்கள் திருப்பி அனுப்பும் மெல்லிய காந்தப்புலத்தை இன்னொரு சுருள் பிடித்து ஓசையாக்குகிறது. ஒரு காசு என்றால் ஒரு சாண் ஆழம் வரை பிடிக்கும், அதற்குக் கீழே சந்தேகம்தான். 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தோட்டா எங்கே என்று தேட, தொலைபேசி கண்டுபிடித்த கிரகாம் பெல் இப்படியொரு கருவியைச் செய்தார். கட்டிலில் இருந்த இரும்புக் கம்பிச்சுருள்கள் குழப்பியதில் தோட்டா அகப்படவில்லை.

கேரி தீவிலும் குழப்பத்துக்குக் குறைவில்லை. தீவின் பெரும்பகுதி உயர் அலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சுற்றிலும் கட்டிய பண்டுதான் கடலைத் தடுத்து வைத்திருக்கிறது. உப்பு ஊறிய ஈரக் களிமண் தானே மின்சாரம் கடத்துவதால், மலிவான கருவிகள் ஒன்றுமில்லாத இடத்திலும் கத்தும். போதாததற்கு, நூறு ஆண்டுத் தோட்ட வாழ்க்கை விட்டுச்சென்ற ஆணி, முள்கம்பி, தகரம், சார்டின் டின், அரிவாள் துண்டு. நாள் முழுக்கத் தோண்டினால் ஒரு வாளி இரும்பு தேறும்.

சதுப்புக் காடு அழிந்து உருவான மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. அதிலுள்ள கந்தகச் சேர்மம் காற்றுப்பட்டால் அமிலமாகிறது. கான் வெட்டி நீரை வடித்ததும் இது நடக்கும். அமிலமும் உப்பும் சேர்ந்தால் செம்பு அரித்துப் பச்சைப் பொடியாகும், வெள்ளி கறுத்துப் பொருக்கு கட்டும். தங்கம் மட்டும் போட்டபடியே கிடக்கும். ஆகவே இத்தீவில் கிடைக்கும் காசின் நிலைமை, அது எத்தனை ஆண்டு பழையது என்பதைவிட எப்படிப்பட்ட மண்ணில் கிடந்தது என்பதைப் பொறுத்ததே.

என்னென்ன கிடைக்கலாம்?

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற பிரிட்டிஷ் தோட்டக்காரரின் பெயர் இத்தீவுக்கு ஒட்டிக்கொண்டது. முதலில் பால்மரம், பிறகு செம்பனை. அதற்கும் மிக முன்பிருந்தே இங்கே வாழ்பவர்கள் மா மெரி பூர்வகுடி மக்கள். தமிழர்கள் வந்தது தோட்டத்தோடு. அதனால் லயத்தடியில் கிடைப்பவை பெரும்பாலும் நீரிணைக் குடியேற்ற காலத்துக் காசுகள்: எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளிக் காசுகள், 1919-இலிருந்து வந்த சதுர ஒரு சென், பிறகு ஆறாம் ஜார்ஜ் காலத்து மலாயா காசுகள். அவற்றில் பல அப்போது லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை. மண்ணில் கிடந்து தேய்ந்த ஒரு சதுர சென்னுக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. உள்ளதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

விலை வேறு, பொருள் வேறு. 1920களின் இறுதியில் சிலாங்கூர் கடலோரம் உள்ளிட்ட முக்கியத் தோட்டப் பகுதிகளில் அரசு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் காலத்து ஐம்பது காசு வெள்ளி நாணயம் ஒன்று லய வாசலில் கிடைக்கிறது என்றால், ஒரு ஆணின் ஒரு நாள் உழைப்பு முழுதாகத் தொலைந்துபோயிருக்கிறது என்று பொருள். அன்றிரவு அந்த வீட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் தேடியிருப்பார்கள்! பெண்ணுக்கோ அது ஒரு நாளைக்கும் மேற்பட்ட கூலி.

மலேசியத் தமிழர் இன்றும் ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றே சொல்வது இந்த வெள்ளிக் காசுகளின் நினைவுதான். ‘ரிங்கிட்’ என்ற மலாய்ச் சொல்லும் பழைய ஸ்பானிய வெள்ளி டாலரின் பல்போன்ற விளிம்பைக் குறித்தது. 1903-இல் வந்த பெரிய நீரிணை டாலர் ஏறத்தாழ 27 கிராம் எடை. வெள்ளி விலை ஏறவே 1907-இல் அதை 20 கிராம் அளவுக்குச் சுருக்கினார்கள். இரண்டிலும் எழுதியிருப்பது ஒரு டாலர்தான். பெரியதைக் கண்டவர்கள் சிறியதை வேண்டா வெறுப்பாக வாங்கியிருக்கக்கூடும்.

தோட்டத்துக்கு முந்திய காசும் வரலாம். லங்காட் ஆற்று முகத்துவாரம் பழைய வணிக வழி. எதிர்க்கரையில் ஜுக்ரா, சுல்தான் அப்துல் சமாட் அங்கிருந்து சிலாங்கூரை ஆண்டார். 1873-இல் இப்பக்கத்து நீரில் நடந்த கடற்கொள்ளை, பிரிட்டிஷார் சிலாங்கூரில் காலூன்றக் காரணங்களில் ஒன்றானது. சேவல் படமும் ‘தானா மெலாயு’ என்ற ஜாவி எழுத்தும் பொறித்த செம்புக் காசு, டச்சுக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரைக் காசு, 1845 என்று ஆண்டு போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி சென் ஆகியவை தீபகற்பத்தில் புழங்கியவை. வி.ஓ.சி. என்று கண்டதும் கப்பலோட்டிய தமிழனை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கம்.

சட்டம் சொல்வது

மலேசியாவில் இதற்கான சட்டம் 2005ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டம். 2006 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன்பிருந்த 1957ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் இதற்குள் அடங்கிவிட்டன. உரியவர் யாரென்று தெரியாமல் நிலத்திலோ ஆற்றிலோ கடலடியிலோ மறைந்து கிடக்கும் காசு, தங்கம், வெள்ளி, நகை போன்றவற்றை இச்சட்டம் புதையல் என்கிறது. பாரம்பரிய மதிப்புள்ளது என்று கருத இடமிருக்கும் பொருள் எதைக் கண்டெடுத்தாலும் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனடியாகத் தெரிவிப்பது கடமை. அப்படிப்பட்ட பொருளைத் தேடி நிலத்தை அகழ உரிமம் வேண்டும். பாரம்பரியப் பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்பவும் உரிமம் வேண்டும்.

‘என் கண்ணில் பட்டது, ஆகவே எனக்கு’ என்ற கணக்கு இங்கே செல்லாது. தீவின் பெரும்பகுதி தோட்ட நிறுவனத்தின் நிலம். சைம் டார்பி பிளாண்டேஷன் என்று பல ஆண்டுகள் இருந்த பெயர் 2024 முதல் எஸ்.டி. கத்ரி. அனுமதியின்றி உள்ளே போய்த் தோண்டினால் அத்துமீறல். மா மெரி கிராமங்களைச் சுற்றி அவர்களின் மூதாதையர் அடக்கமான இடங்கள் உண்டு. அங்கே கருவியோடு போவது சட்டத்துக்கு முன் மரியாதைப் பிரச்சினை.

அறிவிக்காமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலாந்திலேயே உதாரணம் உண்டு. 2015-இல் ஹெரிஃபோர்ட்ஷையர் மாவட்டத்தில் லெம்ஸ்டர் அருகே ஒரு வயலில் இருவர் வைக்கிங் காலத்துப் புதையலைக் கண்டெடுத்தார்கள். தங்க மோதிரம், காப்பு, சுமார் 300 வெள்ளிக் காசுகள். அங்கே 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அறிவித்திருந்தால் நில உரிமையாளரோடு பங்கிட்டு அவர்களுக்கே பெரும்பணம் முறையாக வந்திருக்கும். அவர்களோ சில்லறையாக விற்கப் போனார்கள். 2019-இல் நீதிமன்றம் ஒருவருக்குப் பத்து ஆண்டும் மற்றவருக்கு எட்டரை ஆண்டும் சிறைத்தண்டனை விதித்தது.

சிறையைவிட வருத்தம் வேறொன்று. மீட்கப்பட்டவை அந்தக் காசுகளில் ஒரு பகுதி மட்டுமே. அவற்றில் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃப்ரட்டும் மெர்சியா மன்னர் சியோல்வுல்ஃபும் சமமாக அருகருகே வீற்றிருக்கும் காசுகள் இருந்தன. சியோல்வுல்ஃப் வைக்கிங்குகளின் கைப்பாவை என்றுதான் பழைய ஆங்கிலக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தன. வென்றவர் எழுதிய சரித்திரத்துக்குக் காசுகள் எதிர்சாட்சி சொல்லின. மீதியும் கிடைத்திருந்தால் இன்னும் என்னென்ன சொல்லியிருக்குமோ.

காசு மட்டும் போதாது, இடமும் வேண்டும்

கேரி தீவிலிருந்து வெகு தொலைவில்லை கம்போங் சுங்கை லாங். அதே கோலலங்காட் மாவட்டம், பந்திங் பக்கம். 1964-இல் அங்கே ஒரு மண்மேட்டுக்குள் இரண்டு டோங்சோன் வெண்கல முரசுகள் கிடைத்தன. அவை ஒரு மரப்பலகையின் மேல் இருந்தன. வெண்கலத்துக்குக் கரிமக் காலக்கணிப்பு செய்ய முடியாது. ஆனால் மரத்துக்குச் செய்யலாம். அந்தப் பலகையை யாராவது விறகாக்கியிருந்தால் முரசுகளின் காலத்தைக் கணிக்க அந்த வழி அடைபட்டிருக்கும். கிள்ளானில் கிடைத்த பழைய வெண்கல மணி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கிள்ளான், லங்காட் ஆற்றுப் பகுதிகள் தோட்டத்தோடு தொடங்கியவை அல்ல என்பதற்கு இந்த இரண்டு சான்றுகளே போதும்.

கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் 1930களின் இறுதியில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த ஒரு பழங்கோவில் இடிபாட்டில், பாக்தாத் கலீஃபா அல்-முத்தவக்கிலின் வெள்ளிக் காசு கிடைத்தது. அதிலுள்ள ஹிஜ்ரி 234 என்பது பொது ஆண்டு 848-க்கு நிகர். அரபுக் காசு ஒன்று இந்துக் கோவிலின் காலத்துக்குத் துப்பு கொடுத்தது. அதே காசு ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்திருந்தால் அது வெறும் அரபுக் காசு.

தமிழ்நாட்டிலும் இதே கதை இரண்டு விதமாக நடந்திருக்கிறது. 1898-இல் புதுக்கோட்டை கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. இனி இது காசாகச் செல்லாது, தங்கமாக எடைபோட்டு வாங்கு என்பதற்கான அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குவியலாகச் சேர்ந்தே கிடைத்ததால்தான் அந்த வழக்கம் புலப்பட்டது. ஒன்றிரண்டாக விற்றுப்போயிருந்தால் யாரோ கெடுத்த காசு என்று ஒதுக்கியிருப்பார்கள். மறுபுறம் கரூர் அமராவதி ஆற்று மணலில் சலித்தெடுத்து வியாபாரிகள் கைமாறி வந்த சங்ககாலச் சேரர் காசுகள். நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைப் படித்து வெளியிட்டதால் மாக்கோதை போன்ற பெயர்கள் நாணயத்திலேயே உண்டு என்று உலகுக்குத் தெரிந்தது. ஆனால் எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்ற பதிவு இல்லாததால் அவற்றின் காலம் பற்றிய வாதம் நீள்கிறது. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோவிலில் பள்ளம் தோண்டியபோது செம்பு நிறையத் தங்கக் காசுகள் வந்தன. 505 காசுகள், 1.716 கிலோ. எண்ணி, எடைபோட்டு, அரசிடம் ஒப்படைத்தார்கள். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலையே கலெக்டரிடம் அறிவித்தாக வேண்டும்.

தோட்டக் கோவில்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். மூலவரைப் பிரதிஷ்டை செய்யும்போது பீடத்தின் அடியில் யந்திரத் தகட்டோடு காசும் நவரத்தினமும் இடுவது வழக்கம். தோட்டம் விற்கப்பட்டு அல்லது மேம்பாட்டுக்குப் போய்க் கோவில் இடம் பெயரும்போது, அந்தப் பீடத்தை அகற்றும் நேரத்தில் யாரும் எழுதி வைப்பதில்லை. கிடைத்த காசுகள் உண்டியலுக்கோ யாருடைய சட்டைப் பைக்கோ போய்விடுகின்றன. எங்கள் கோவில் நூறாண்டுப் பழமையானது என்று நிரூபிக்கக் கடிதமும் ரசீதும் இல்லாமல் தவிக்கும் நிர்வாகங்களுக்கு, அடியில் கிடந்த காசுகளே ஆவணம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1920 என்று ஆண்டு போட்ட காசு பீடத்தடியில் இருந்தால், கோவில் 1920-இல் கட்டப்பட்டது என்று அர்த்தமல்ல. 1920-க்கு முன் அந்தப் பீடம் வைக்கப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. பல காசுகள் இருந்தால் ஆகக் கடைசி ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். 1885, 1903, 1920 என்று மூன்று இருந்தால் 1885-ஐப் பிடித்துக்கொண்டு பேசக் கூடாது. மீண்டும் கும்பாபிஷேகம் நடந்தபோது பீடத்தைத் திறந்து புதுக் காசு போட்டார்களா என்றும் மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். கோவில் காசு புதையல் அல்ல. அதற்கு உரிய நிர்வாகம் இருக்கிறது. பீடத்தை எடுக்கும் நாளில் நான்கு பேர் சாட்சியாக நின்று, எடுக்கும் முன்பும் பின்பும் படம் பிடித்து, காசுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அரைமணி நேரம் ஆகாது.

புளி போட்டுத் துலக்காதீர்கள்

காசு கையில் வந்ததும் தமிழர் வீட்டில் முதலில் நடப்பது, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்பது. காசு பளபளக்கும், அதோடு அதன் மேல்தோலும் போய்விடும். எழுத்தின் நுண்கோடுகள் அந்த மேற்படிவில்தான் இருக்கின்றன. துலக்கிய காசைச் சேகரிப்பாளர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார்கள். விலை பாதிக்கும் கீழே இறங்கும். ஒட்டிய மண்ணோடு, காய்ந்த காகித உறையில் தனித்தனியாகப் போட்டு வைப்பதே நல்லது. உப்பு மண்ணில் கிடந்த செம்புக் காசு வெளியே வந்த பிறகும் வெளிர்பச்சைப் பொடியாக உதிரலாம். அதை அருங்காட்சியகத்தார்தான் நிறுத்த முடியும்.

அடுத்த ஆபத்து கைப்பேசியில் வருகிறது. ‘இந்தப் பழைய காசு உங்களிடம் இருந்தால் பல லட்சம்’ என்ற செய்திகள் சுற்றாத குடும்பக் குழு கிடையாது. காசின் படத்தை அனுப்பினால் உடனே ஒரு பெரிய தொகை சொல்வார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று நம் பணம் போகும். தங்கள் பெயரைப் பயன்படுத்தி இந்த மோசடி நடப்பதாக இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வாங்க வருபவர் விற்பவரிடம் பணம் கேட்பதே மோசடிக்கான அடையாளம்.

மூன்றாவது ஆபத்து உயிருக்கு. 1945 செப்டம்பர் 9-இல் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் இதே கோலலங்காட் கரையோரம் மோரிப் கடற்கரையில் இறங்கின. ஜப்பானியர் ஏற்கெனவே பணிந்துவிட்டிருந்ததால் சண்டை நடக்கவில்லை; வண்டிகள் சேற்றில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஆனாலும் போர்க்காலத்துக் குண்டுகள் நாட்டின் பல இடங்களில் இன்றும் தோண்டும்போது வெளிப்படுகின்றன. டிடெக்டருக்குக் காசும் ஒன்றுதான், குண்டும் ஒன்றுதான். உருளையாக, துருப்பிடித்து, கனமாக ஏதாவது தட்டுப்பட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு விலகிப்போய்ப் போலீசை அழைக்க வேண்டும்.

காசு விஷயத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கிடைத்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவோ ஸ்கேலோ வைத்து. வரைபடச் செயலியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழம், கூட என்ன கிடந்தது, ஓடா, மணியா, கரியா, எழுதுங்கள். மேலும் தோண்டாதீர்கள். தோட்டத்துக்குள் என்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள். பிறகு பந்திங் தெலுக் டத்தோவில் உள்ள கோலலங்காட் மாவட்ட அலுவலகத்திலோ தேசிய பாரம்பரியத் துறையான ஜபாத்தான் வாரிசான் நெகாராவிலோ எழுத்து மூலமாகத் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் தாத்தா காலத்திலிருந்து டப்பாவில் கிடக்கும் காசுகளுக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. அவை மண்ணில் கண்டெடுத்தவை அல்ல. அவை எந்தக் காலத்தவை என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்கள் கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகலாம். நீரிணை டாலர் முதல் ஜப்பானியரின் வாழைமர நோட்டு வரை அங்கே கண்ணாடிக்குள் வரிசையாக இருக்கின்றன.